செவலையும் உச்சியும் கொழும்புக்குப் போகிறார்கள்: ஐந்து நாள் குறிப்பு

நாள் 1

திருச்சியில் ஏறி ஒரு மணி நேரத்தில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கிவிட்டேன். அங்கிருந்து கொழும்பில் உள்ள வெள்ளவத்தை வந்து சேரத்தான் அதைவிட அதிக நேரம் பிடித்தது.

எதற்கு வந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் தெருப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் எங்கள் வீட்டுத் திண்ணையில் கூடுவார்கள். இரண்டு வருடமாக அவர்களுக்கு ஒரு துப்பறியும் கதை சொல்லி வருகிறேன். துப்பறிகிறவர்கள் இரண்டு பேர். செவலை என்று ஒரு கீரி, உச்சி என்று ஒரு காகம். உச்சிப்பிள்ளையார் கோயில் மலையில் பிறந்ததால் அந்தப் பெயர். இதுவரை நான்கு வழக்குகளை முடித்திருக்கிறார்கள், நான்குமே காவிரிக்கரையில். போன மாதம் பிள்ளைகள் ஒரே குரலில் கேட்டுவிட்டார்கள்: "அடுத்த கதை வெளிநாட்டுல."

கொழும்பு என்று சொன்னேன். அதற்குக் காரணம் உண்டு. இந்தக் கதைக்கு இரண்டு விதிகள் வைத்திருக்கிறேன். ஒன்று, எந்த விலங்கும் தன்னால் முடிந்ததை மட்டுமே செய்யும். பூதக்கண்ணாடி பிடிக்காது, பாஸ்போர்ட்டில் கையெழுத்துப் போடாது. இரண்டு, குற்றவாளி யார் என்று தெரிவதற்கு முன்பே எல்லாத் தடயமும் பிள்ளையின் காதில் விழுந்திருக்க வேண்டும். கடைசி நிமிடத்தில் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டக் கூடாது, அது பிள்ளையை ஏமாற்றுவது.

முதல் விதிப்படி பார்த்தாலும் காகம் வெளிநாடு போகும். நம் வீட்டுக் காகம் கப்பலேறிப் போய்த்தான் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைத் துறைமுகங்களிலும் அரபு நாட்டுத் துறைமுகங்களிலும் குடியேறியிருக்கிறது. 1990-களில் நெதர்லாந்தின் ஒரு துறைமுகம் வரைக்கும் போய்விட்டது. தூத்துக்குடித் தோணிகள் ஒரு காலத்தில் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போனவைதானே? வெங்காய மூட்டைக்கு நடுவில் ஒரு கீரி ஒளிந்துகொள்ள இடமா இருக்காது? பிள்ளைகள் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் கொழும்பைப் பார்க்காமல் கொழும்புக் கதை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தங்கியிருப்பது கல்லூரித் தோழியின் அம்மா அப்பா வீட்டில். தொடர்மாடியில் மூன்றாவது மாடி, பின்பக்கம் ரயில் பாதை, அதற்கு அந்தப் பக்கம் கடல். மாமி கதவைத் திறந்ததும், "வாங்கோ பிள்ளை, களைச்சுப் போனியள், தேத்தண்ணி குடியுங்கோ" என்றார். மூன்றாம் வகுப்புப் படிக்கும் பேரன் மாமிக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தான். "காகத்தின்ர கதை எழுதிற அன்ரி நீங்களோ?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் பல்கனிக்கு இழுத்துப் போனான். கைப்பிடிச் சுவரில் ஏழு காகங்கள் உட்கார்ந்திருந்தன. நான் பக்கத்தில் போனேன், ஒன்றுகூட நகரவில்லை. ஒன்று தலையைச் சாய்த்து என் கையை மட்டும் பார்த்தது. கையில் பிஸ்கட் இருந்தது.

நாள் 2

இன்று நடந்ததை விரிவாக எழுத வேண்டும். கதைக்கு அச்சாணி கிடைத்துவிட்டது.

மாமாவும் நானும் காலையில் ரயிலில், கொழும்பின் கடைவீதிப் பகுதியான புறக்கோட்டை போவதாக ஏற்பாடு. நான் அறையில் தலை வாரிக்கொண்டிருந்தேன். வெளியே மாமி போனில் யாரிடமோ பேசுவது கேட்டது. "ஓம், புறக்கோட்டைக்குத்தான். அவர் ஏழு மணிக்கே வெளிக்கிட்டிட்டார்." மணி பார்த்தேன், ஏழே முக்கால். ஐயோ, மாமா எனக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டு முன்னால் போய்விட்டார் போல என்று நினைத்து, மாமியிடம் கையை மட்டும் ஆட்டிவிட்டு இறங்கி ஓடினேன்.

வெள்ளவத்தை ஸ்டேஷன் கடலை ஒட்டியே இருக்கிறது. அலை பலமாக அடிக்கும்போது முகத்தில் உப்பு ஒட்டுகிறது. மேடை முழுக்கத் தேடினேன். வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், மீன் கூடையோடு ஒருவர். மாமாவைக் காணோம். முக்கால் மணி நேரம் நின்றேன். இரண்டு ரயில் போய்விட்டது. போன் அடித்தால் மாமா எடுக்கவில்லை. மனது பதறத் தொடங்கியது, எழுபத்தைந்து வயது மனிதர்.

திரும்பி மாடி ஏறிப் போய்ப் பார்த்தால், மாமா பல்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். தேய்த்த வெள்ளைச் சட்டை, கால்சட்டை, சப்பாத்து, மடியில் குடை, கையில் வீரகேசரி பத்திரிகை. நான் அறையிலிருந்து எப்போது வருவேன் என்று ஏழு மணியிலிருந்து காத்துக்கொண்டிருக்கிறார். பல்கனித் திரை மூடியிருந்ததால் நான் ஓடியது அவருக்குத் தெரியவில்லை. போன் உள்ளே சார்ஜில் கிடந்தது.

"நீங்கள் ஏழு மணிக்கே கிளம்பிட்டதா மாமி சொன்னாங்களே?"

"கிளம்பேல்லை பிள்ளை, வெளிக்கிட்டவர் எண்டுதானே சொன்னனான்" என்று சமையலறையிலிருந்து மாமி வந்தார்.

யாழ்ப்பாணத் தமிழில் வெளிக்கிடுவது என்றால் புறப்பட்டுப் போவதும்தான், உடுத்து ஆயத்தமாவதும்தான். கலியாணப் பெண் வெளிக்கிடுவாள், பஸ்ஸும் வெளிக்கிடும். அந்தந்த இடத்தில் இவர்களுக்குக் குழப்பமே வராது. எனக்குத்தான் ஒரு பொருள் மட்டும் காதில் ஏறியது.

ரயிலில் போகும்போது மாமாவிடம் சொன்னேன், இதைத் தடயமாக வைக்கப் போகிறேன் என்று. ஒரு மனிதர் ஆறு மணிக்கே போய்விட்டார் என்று துப்பறிகிறவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அவர் உடுத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். வழக்கின் நேரக் கணக்கு முழுவதும் தப்பாகப் போகிறது. மாமா கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம், "நல்லாயிருக்கு. ஆனா களவு போறது என்ன?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

புறக்கோட்டையை வேகமாகப் பார்த்தோம். செட்டியார் தெருவில் நகைக்கடைகளும் கதிரேசன் கோயில்களும், இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட பள்ளிவாசல். 1909-இல் கட்டி முடித்தது, மாதுளம்பழத்தைப் பிளந்து வைத்த மாதிரி இருக்கிறது. கீரிக்கு இந்தத் தெருக்கள் ஆகாது. மனிதக் கால்கள் மட்டும்தான் தெரியும். செவலையை வெள்ளவத்தையிலேயே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

சாயங்காலம் ஒழுங்கைக்குள் ஒரு பியானோ மெட்டு கேட்டது. சூன் பாண் ஓட்டோ, ரொட்டி விற்கும் வண்டி. கண்ணாடிப் பெட்டிக்குள் பாணும் பணிசும் அடுக்கி, ஒலிபெருக்கியில் அந்த ஒரே மெட்டைப் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக வருகிறது. சத்தம் கேட்டதும் எல்லா வாசலிலும் தலைகள். பேரன் சொன்னான்: "அன்ரி, இது ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்துக்கு வரும்." இதையும் குறித்துக்கொண்டேன். விலங்குக்குக் கடிகாரம் தெரியாது. மெட்டு தெரியும்.

நாள் 3

தேசிய அருங்காட்சியகம். 1877-இல் திறந்தது, வெள்ளை வெளேரென்று நீண்ட கட்டடம். கண்டி அரசரின் சிம்மாசனத்தைப் பேரன் ஒரு நிமிடத்தில் பார்த்து முடித்துவிட்டான். நான் தேடி வந்தது ஒரு கல்.

தெற்கே காலி நகரத்தில் 1911-இல் கிடைத்த கல் இது. வாய்க்காலுக்கு மூடியாகக் கவிழ்த்துப் போட்டு வைத்திருந்தார்களாம். எத்தனை வருடம் எத்தனை பேர் அதன் மேல் நடந்தார்களோ! திருப்பினால் மூன்று மொழியில் எழுத்து. வலப்பக்கம் முழுக்கச் சீனம், இடப்பக்கம் மேலே தமிழ், கீழே பாரசீகம். தலைப்பில் இரண்டு டிராகன்கள். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே 1409-ஆம் ஆண்டு தேதியிட்டுச் சீனாவிலிருந்தே வெட்டிக்கொண்டு வந்த கல்.

தமிழ் எழுத்து நன்றாகத் தேய்ந்திருக்கிறது. கண்ணை நெருக்கி வைத்தால்தான் ஒரு வளைவு, ஒரு கொம்பு தெரிகிறது. பேரனுக்கு இதை ஒரு வழக்காகவே சொன்னேன். சீன மொழியில் புத்தருக்குக் காணிக்கை என்று எழுதியிருக்கிறது. தமிழில் தென்வரை நாயனார் என்ற இந்துக் கடவுளுக்கு. பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கு. மூன்று பேருக்கும் கொடுத்த பொருள்களின் பட்டியல் கிட்டத்தட்ட ஒன்றேதான், பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம் என்று தொடங்கி.

"அப்ப ஒரு சாமான்களை மூண்டு பேருக்கும் குடுத்தவரோ, இல்லாட்டி மூண்டு தரம் குடுத்தவரோ?" என்று கேட்டான்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு மொழி மட்டும் தெரிந்தவன் இந்தக் கல்லைப் படித்தால் அவனுக்கு இந்தக் கேள்வியே வராது. மூன்றையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் வரும். நேற்று எனக்கு ஸ்டேஷனில் நடந்ததும் அதே மாதிரிதான். கல் கதைக்குள் வராது, ஒரு கீரியால் எழுத்துப் படிக்க முடியாது. ஆனால் இதைப் பார்த்த பிறகு, மாமி சொன்ன அந்த ஒரு சொல்லை நம்பி முழு வழக்கையும் நிறுத்தலாம் என்ற தைரியம் வந்தது.

பக்கத்திலேயே விகாரமகாதேவி பூங்கா. மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் கறுப்புக் குடைகளைப் போலத் தொங்கின. வெயிலுக்கு ஒன்று தன் சிறகையே விசிறியாக மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தது. கழுத்தைச் சுற்றிச் செம்பழுப்பு மயிர், நாய்க்குட்டி மாதிரி முகம், பெரிய கண். இந்தக் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். வௌவாலுக்குக் கண் தெரியாது, எதிரொலியால்தான் வழி கண்டுபிடிக்கும் என்று பிள்ளைகள் புத்தகங்களில் பொதுவாக எழுதிவிடுகிறார்கள். இந்தப் பெரிய பழந்தின்னி எதிரொலியை நம்புவதில்லை. கண்ணையும் மூக்கையும்தான் நம்புகிறது, இருட்டில் நன்றாகப் பார்க்கும். ராத்திரி நடந்த களவுக்கு உச்சி சாட்சி சொல்ல முடியாது, இருட்டினால் காகம் தூங்கிவிடும். எனக்கு ஒரு ராத்திரி சாட்சி வேண்டியிருந்தது. கிடைத்துவிட்டது.

நாள் 4

மாமாவின் கேள்விக்குப் பதிலும் இன்று கிடைத்தது. களவு போவது மீன்.

கொழும்புக்குள்ளே மீன்பிடிப் பூனை இருக்கிறது. காட்டில் என்று நினைக்க வேண்டாம், நகரத்துக்குள்ளேயே, கால்வாய் ஓரமாகவும் சதுப்பு நிலத்திலும். 2018-இல், ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சர் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்று அங்கீகாரம் பெற்ற முதல் நகரங்களில் கொழும்பும் ஒன்று. அந்த ஈரநிலம்தான் இந்தப் பூனையின் வீடு. அலங்காரக் குளத்தில் வளர்த்த கோய் மீன்கள் காணாமல் போய், கடைசியில் கமெராவில் இந்தப் பூனை அகப்பட்ட சம்பவம் இங்கே உண்மையாகவே நடந்திருக்கிறது. சிங்களத்தில் ஹந்துன் திவியா என்கிறார்கள். திவியா என்றால் சிறுத்தை.

கோட்டே பக்கம் பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்குக் காலையிலேயே போனோம். பலகைப் பாதையில் நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் நாணல், சேறு, அழுகிய இலை வாசனை. பூனையைப் பார்ப்போம் என்று எதிர்பார்க்கவில்லை, அது பெரும்பாலும் ராத்திரி விலங்கு. எனக்கு வேண்டியது தடம்.

முதலில் கண்ணில் பட்டது வேறொரு தடம். ஈரச் சேற்றில் விரல் விரிந்த பாதங்கள் இடமும் வலமுமாக மாறி மாறிப் பதிந்திருந்தன. நடுவில் ஒரு கோடு, பாம்பு போன மாதிரி நெளிந்து போகிறது. பேரன் குந்தி உட்கார்ந்து பார்த்துவிட்டு, "யாரோ கயிறு இழுத்துக்கொண்டு போயிருக்கினம்" என்றான். பூங்கா ஊழியர் சிரித்துவிட்டுக் கையைக் காட்டினார். பத்தடி தள்ளி, கரையில் ஒரு கபரகொய்யா, அதாவது பெரிய நீர் உடும்பு, வெயில் காய்ந்துகொண்டிருந்தது. ஆள் உயரம். நடுக்கோடு அதன் வால். பிளந்த நாக்கு வெளியே வந்து வந்து போனது. அந்த நாக்குதான் வாசனையை அள்ளிக்கொண்டு போய் வாய்க்குள் இருக்கும் உறுப்பில் சேர்க்கிறது. இது பகல் விலங்கு, சூரியன் போனால் போய்ப் படுத்துவிடும்.

ஊழியரிடம் பூனைத் தடத்தைப் பற்றிக் கேட்டேன். அவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும், மீதிக்கு மாமா சிங்களத்தில் உதவினார். வீட்டுப் பூனை நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், அதனால் தடத்தில் நகம் இருக்காது. நாயின் தடத்தில் நகம் இருக்கும். மீன்பிடிப் பூனைக்கு நகம் முழுக்க உள்ளே போகாது, நுனி வெளியே நிற்கும். விரல்களுக்கு நடுவே கொஞ்சம் சவ்வும் உண்டு. ஆக, பூனையின் வட்டப் பாதம், அதில் நகக்குறி. பார்த்தவன் நாய் என்று நினைப்பான்.

திரும்பும் வழியில் வெள்ளவத்தைக் கால்வாய்ப் பாலத்தில் இறங்கிக்கொண்டேன். பச்சைத் தண்ணீர் மெதுவாகக் கடலை நோக்கிப் போகிறது. உள்ளே கிருலப்பனைப் பக்கமாகப் போய் அந்தச் சதுப்பு நிலங்களின் கால்வாய்களோடு சேர்வதும் இதுதான். பூனை இங்கே எப்படி வந்தது என்று எந்தப் பிள்ளை கேட்டாலும் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டலாம்.

ராத்திரி பதினொன்றரை வரை எழுதினேன். மாமி இரண்டு தடவை விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

நாள் 5

கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்துக்குக் காலையில் ஒரு நடை போய் வந்தேன். 1942-இல் தொடங்கிய சங்கம். சிறுவர் நூல்களைக் கொஞ்ச நேரம் புரட்டினேன். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இன்று இடமில்லை.

சாயங்காலம் பேரனும் அவன் தொடர்மாடிச் சிநேகிதர்கள் நான்கு பேரும் ஹாலில் உட்கார்ந்தார்கள். மாமி கடலை வடை சுட்டுக் கொடுத்தார். கதையைச் சொன்னேன்.

கால்வாய் ஓரத்து ஒழுங்கையில் ஒரு பழைய வீடு. முற்றத்தில் குளம், ஆறு கோய் மீன். தாத்தா ஐந்து மணிக்கு இரை போட்டு எண்ணுகிறார், ஆறு இருக்கிறது. சூன் பாண் மெட்டு வந்து போகிறது. அடுத்த நாள் காலை நான்குதான் இருக்கிறது. பழி விழுவது கால்வாயில் குடியிருக்கும் கிழட்டுக் கபரகொய்யா மேல். அது அழுதுகொண்டு செவலையிடம் வருகிறது. உச்சி ஜன்னலில் உட்கார்ந்து பாட்டி போனில் சொல்வதைக் கேட்டுவிட்டு வருகிறது: "கலியாண வீட்டுக்குத்தான். அவர் ஆறு மணிக்கே வெளிக்கிட்டிட்டார்." அப்படியானால் ஆறு மணிக்குக் குளத்தடியில் ஆள் இல்லை, வெளிச்சம் இன்னும் இருக்கிறது, கபரகொய்யா விழித்திருக்கும் நேரம். வழக்கு அதற்கு எதிராகப் போகிறது.

இந்த இடத்தில் நிறுத்திப் பிள்ளைகளைப் பார்த்தேன். ஐந்து பேரும் வடையை வாயில் வைத்துக்கொண்டே கத்தினார்கள்: "தாத்தா போகேல்லை! வெளிக்கிட்டுக்கொண்டு இருந்தவர்!"

சரிதான். தாத்தா வேட்டி சால்வையோடு, கார் வரும் வரை, ஏழரை மணி வரைக்கும் குளத்தடி நாற்காலியிலேயே இருந்திருக்கிறார். கொழும்பில் ஏழு மணிக்குள் இருட்டிவிடும். ஏழரைக்குப் பிறகுதான் களவு நடந்திருக்க முடியும் என்றால் பகல் விலங்கு தப்பித்தது. குளத்தைச் சுற்றி வால் கோடும் இல்லை. இருப்பது வட்டப் பாதம், நகக்குறியோடு. நாய் என்று அடுத்த வீட்டு நாயைப் பிடிக்கப் போகிறார்கள், அது சங்கிலியில் கட்டியிருந்தது. பழந்தின்னி வௌவால் கண்ணால் கண்டதைச் சொல்கிறது. செவலை தடத்தின் வாசனையைப் பிடித்துக்கொண்டு கால்வாய் வரை போகிறது. அங்கே நாணலுக்குள் இரண்டு குட்டிகளோடு மீன்பிடிப் பூனை.

பிள்ளைகளுக்குப் பிடித்தது. குட்டிகளுக்குப் பெயர் வைக்கச் சண்டை போட்டார்கள். எல்லாரும் போன பிறகு பேரன் மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அன்ரி, திருச்சிப் பிள்ளையளுக்கு வெளிக்கிடுறது எண்டா என்னெண்டு தெரியுமோ?"

"தெரியாதுடா."

"அப்ப அவையள் கண்டுபிடிக்கேலாது. அது கள்ளாட்டம்."

என் இரண்டாவது விதி அது. அவனிடம் நான் அதைச் சொல்லவே இல்லை. கொழும்புப் பிள்ளைக்கு முன்கூட்டியே விடை தெரிந்துவிடுகிறது, திருச்சிப் பிள்ளைக்குக் கடைசியில்தான் பொருளையே சொல்கிறேன். இரண்டு பேருக்கும் ஆட்டம் நேர்மையாக இல்லை. கொழும்புப் பிள்ளை முந்திக்கொண்டால் பரவாயில்லை, உச்சி தப்பாகப் போவதைப் பார்த்துக் கத்துவதில் ஒரு சுகம் இருக்கிறது. திருச்சிப் பிள்ளைக்கு என்ன செய்வது? கதைக்கு நடுவில் பொருள் சொன்னால் அங்கேயே பூனை வெளியே வந்துவிடும். சொல்லாமலும் இருக்க முடியாது.

"முதல்லயே ஒருக்கா வரவேணும்" என்றான் அவன். "ஆனா கதைக்குத் தேவையில்லாத மாதிரி வரவேணும்."

"எங்கே?"

யோசித்தான். உள்ளே போய்த் தன் பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, ஒரு காலில் சப்பாத்தும் மறு காலில் வெறும் காலுறையுமாக ஹால் நடுவில் நின்றான்.

"இப்ப நான் பள்ளிக்கூடம் போறன். உச்சி கப்பலால வந்து இறங்கின முதல் நாள் காலமை. ஜன்னலுக்குள்ளால பாக்குது. நீங்கள் அம்மா. கேளுங்கோ."

கேட்டேன். "வெளிக்கிட்டாச்சா?"

"ஓம், வெளிக்கிட்டாச்சு. ஒரு சப்பாத்தைத்தான் காணேல்லை."

மாமா நாற்காலியிலிருந்து கை தட்டினார். நான் நோட்டை எடுத்து முதல் பக்கத்தில், உச்சி பல்கனியில் வந்து உட்காரும் வரிக்குக் கீழே, அவன் சொன்னதை அப்படியே எழுதினேன். அந்தச் சப்பாத்து எங்கே போனது என்று உச்சி தேடிக் கொடுக்க வேண்டுமாம். அதையும் எழுதச் சொல்லிப் பக்கத்திலேயே நிற்கிறான்.